மூளை திறந்திருக்கக் கதைத்த காலை

என் கணவருடைய மூளையை நான் பார்க்கவில்லை. ஒரு பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அது திறந்திருந்தது. இந்தப் பக்கம் நான் ஒரு சிறிய முக்காலியில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சரியா பிழையா என்று டொக்டருக்குச் சொல்வது அன்று காலை என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட கல்முனைப் பெண்ணுக்கு மெட்ராஸில், அதுவும் ஓர் ஒபரேஷன் அறைக்குள், அப்படியொரு வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் சூறாவளியிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். இவர் வரிப்பத்தான்சேனை ஆள், பரம்பரை வேளாண்மைக்காரர். கல்முனையில் எங்கள் வளவுக்கு வந்த பிறகும் மனம் முழுக்க வயலில்தான். விதைப்பும் நெல்வெட்டும் வந்தால் கிழமைக்கணக்காக வயல்வாடியிலேயே தங்கிவிடுவார். நான் கடைத்தெருப் பக்கம் வளர்ந்தவள். அவர் கதைக்கும் வயல் சொற்களில் பாதியைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் படித்தேன்.

எழுபத்தெட்டில் சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப் போட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் அவர் என் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலைத் தாண்டும்போது கூரை மரம் ஒன்று விழுந்து, அவருடைய இடது காதுக்கு மேலே அடித்தது. அந்த அடியோடும் உம்மாவைக் கீழே விடாமல் கொண்டுபோய் மதிலோரம் இருத்திய பிறகுதான் அவர் சரிந்தார். விடிந்து பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னை ஒன்றையும் காணவில்லை. முறிந்த பச்சை ஓலையும் சேறும் கலந்த ஒரு மணம் பல நாள் எங்கள் தெருக்களில் நின்றது.

காயம் ஆறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று என்று நினைத்தோம்.

போகவில்லை. அடுத்த வருஷம், எங்கள் மகள் பிறந்து கொஞ்சநாளில், பகல் சாப்பாட்டில் இருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"புள்ள, ஓலை முறிஞ்ச மணம் வருது."

"என்ன மணம்? எனக்கு ஒண்டும் வரல்லயே."

அவருடைய கண் எங்கேயோ நிலைத்து நின்றது. வெறும் வாயைச் சப்பினார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு பக்கவாட்டில் விழுந்து, உடம்பு முழுக்க வெட்டி இழுக்கத் தொடங்கியது.

உம்மா தண்ணீர் ஓதி வாங்கி வந்தா. கையில் நூல் கட்டினோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கண்ணில் பட்ட எல்லாக் கதவையும் தட்டினோம். அப்படித் தட்டிய கதவுகளில் ஒன்று கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கேதான் மூளை கரண்டில் வேலை செய்கிறது என்று முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அவருடைய தலைமயிரை வகிர்ந்து வகிர்ந்து, பசை வைத்து, வயர்களை ஒட்டினார்கள். ஒரு பெட்டியில் வரிசையாக நின்ற பேனைகள், ஓடும் கடதாசியில் தாமாகவே கீறத் தொடங்கின. அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவ ஒரு சிங்களப் பெண். தெரிந்த கொஞ்சத் தமிழில், "கண் மூடுங்க... பெருசா மூச்சு எடுங்க" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தா. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, கடதாசியில் விரலை வைத்து, "மெதன" என்றா. இந்த இடம் என்று அர்த்தம். மற்றக் கோடுகள் எல்லாம் சின்ன அலைகளாகப் போக, அங்கே மட்டும் முள்ளு முள்ளாகக் குத்தியிருந்தது. எல்லாரும் ஜின் என்றும் செய்வினை என்றும் சொன்ன ஒன்றை, அவ விரல் வைத்துக் காட்டினா. எனக்கு அன்று வந்தது அழுகைதான், ஆனால் பயத்தில் இல்லை.

விழுங்கக் குளிசைகள் தந்தார்கள். வலிப்புக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இறக்காமத்துக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்ட ஒரு நாள், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்து கிடந்தார். பக்கத்து வயல்காரர்கள் கண்டு இழுத்துப் போட்டிருக்காவிட்டால் அன்றே மவுத்து. அதற்குப் பிறகு நான் அவரைத் தனியே வயலுக்கு விடவில்லை. விறாந்தையில் ஒரு கதிரையில் நாள் முழுக்க இருப்பார்.

"நான் வேளாண்மைக்காரன், புள்ள," என்றார் ஒருநாள். "கூட்டுக்க வெச்சிப் பாக்கிறத்துக்கு நான் என்ன கோழிக்குஞ்சா?"

எனக்கு மூத்த சகோதரர் ஒருவர், கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்க மெட்ராஸ் போய்வரும் அவர்தான், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இப்படி வலிப்புக்காரர்களின் தலையைத் திறந்து சுகமாக்கும் டொக்டர் இருக்கிறார் என்று விசாரித்து வந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் புறப்பட்டோம்.

ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போது, கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டா.

"எங்கட காக்கா," என்றேன்.

"காக்காவா?" என்று அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. எங்கள் ஊரில் மூத்த சகோதரரை அப்படித்தான் கூப்பிடுவது என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் இடையில் ஒரு கடல் இருக்கிறது என்று அப்போது சிரித்ததோடு சரி. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது.

அங்கே சி.டி. ஸ்கேன் என்ற புது மெஷின் வந்திருந்தது. பெரிய வளையம் ஒன்றுக்குள் அவருடைய தலையை வைத்துப் படம் பிடித்தார்கள். மரவள்ளிக்கிழங்கை வட்டம் வட்டமாகச் சீவி அடுக்கியது போல, ஒரே தலையின் பல சீவல்கள். டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல்.

"இந்தக் கறுப்புத் தெரியுதாம்மா? அன்னைக்கு அடிபட்ட இடம். உள்ளே தழும்பாயிருக்கு. அதைச் சுத்தி இருக்கிற மூளைதான் கண்டபடி கரண்டை விடுது."

"வெட்டி எடுக்க ஏலுமா சேர்?"

"எடுக்கலாம். ஆனா பேச்சு இருக்கிற இடம் இதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. எது தழும்பு, எது பேச்சுன்னு படத்துல தெரியாது. அவரை முழிக்க வெச்சு, பேசவெச்சு, மூளைமேலேயே கம்பியை வெச்சுப் பார்த்துதான் எடுக்கணும்."

காக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் மட்டும் கேட்டார்: "சேர், எடுத்து முடிஞ்சா மறுகா நான் தனிய வயலுக்குப் போகலாமா?"

"அதுக்காகத்தானே செய்யறோம்," என்றார் டொக்டர்.

முதல்நாள் ஒரு பயிற்சி வைத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இவர் பெயர் சொல்ல வேண்டும். பூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சாவியைத் திறப்பு என்றார். முறத்தைச் சுளகு என்றார். நாற்காலி கதிரை. தீப்பெட்டி நெருப்புப்பெட்டி. பப்பாளி பப்பாசி. இளம் டொக்டருடைய முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் பெரியவரிடம் மெதுவாக, "சார், ஏற்கெனவே பேர் சொல்றதுல நிறையத் தப்பு வருது. பேச்சு பாதிச்சிருக்கு போல" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "இல்ல சேர், அவர் ஒண்டும் பிழையாச் சொல்லல்ல. எங்கட ஊர்ல அதெல்லாத்துக்கும் பேரே அதான்."

பெரிய டொக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். இளம் டொக்டரும் சிரித்தார். அட்டைகளைத் திரும்ப முதலிலிருந்து எடுத்து, எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கியதும் பெரியவர் யோசனையோடு சொன்னார்: "நாளைக்கு உள்ளே இவர் வேற ஏதாவது சொன்னா, அது அவர் ஊர் வார்த்தையா, கரண்டால வர்ற தடுமாற்றமான்னு எங்களுக்குத் தெரியாது. கூட யாராவது ஒருத்தர் இருக்கணும்." காக்காவைப் பார்த்தார்.

"அல்லாட காவல், எனக்கு ஏலாது சேர். ரத்தத்தக் கண்டா நான் விழுந்திருவன். பேந்து ரெண்டு பேருக்கு மருந்து பாக்கணும்."

"அப்ப நீங்க வர்றீங்களாம்மா?"

நான் கட்டிலைப் பார்த்தேன். "வாவன் புள்ள," என்றார் அவர், ஏதோ திருவிழாப் பார்க்கக் கூப்பிடுவது போல.

அன்று பின்னேரம் இளம் டொக்டர் இன்னொரு விஷயம் கேட்டு வந்தார். எடுக்கும் மூளைத் துண்டை உடனே உப்புக் கரைசலில் வைத்து, காற்றும் கொடுத்தால், அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்குமாம். அதற்குள் மிக மெல்லிய கண்ணாடி ஊசியை இறக்கி, அது எப்படிக் கரண்டு விடுகிறது என்று பார்க்க அவருக்கு விருப்பம். நாங்கள் சம்மதித்தால் மட்டும்தான். காக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. உடம்பிலிருந்து எடுத்ததை அடக்கத்தானே வேண்டும் என்றார். என் கணவர் கட்டிலில் எழும்பி இருந்து காக்காவைப் பார்த்தார்.

"அவர் பாக்கட்டும், மச்சான். நம்மளப் போல எத்தன பேர் விழுந்து எழும்புறாங்க. பாத்து முடிஞ்சா மறுகா தந்திரட்டும், அடக்குவம்."

இளம் டொக்டர், "கட்டாயம் தர்றேன்" என்றார்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் போனேன். எனக்கும் பச்சைச் சட்டை போட்டு, முக்காட்டுக்கு மேலே தொப்பி மாட்டி, முகமூடியும் கட்டினார்கள். மண்டையோட்டைத் திறக்கும் வரை அவரை அரைத் தூக்கத்தில் வைத்திருந்து, அவர் கண் விழித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். கூடாரம் போலக் கட்டிய துணிக்குக் கீழே அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. உதடு காய்ந்திருந்தது.

"ஆரு, புள்ளயா? உன்ட கண் மட்டும்தான் தெரியுது."

"நான்தான் மச்சான்."

மூலையில் பேனை மெஷின். அதற்குப் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண். கொழும்பில் பார்த்த அதே மாதிரிப் பேனைகள்தான், ஆனால் இந்த முறை வயர்கள் நேரே மூளையின் மேலேயே படுத்திருந்தன. கீறும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. டொக்டர் ஒவ்வொரு இடமாகச் சிறிய கரண்டு கொடுத்துப் பார்ப்பார். அந்த நேரம் நான் ஓர் அட்டையை அவருடைய முகத்துக்கு முன்னால் பிடிக்க வேண்டும்.

"சுளகு."

"சரி," என்பேன்.

"திறப்பு."

"சரி."

அடுத்த அட்டையில் கதிரை. அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கண் என் கண்ணிலேயே நின்றது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லல்ல, சேர். அவருக்கு வரல்ல!"

டொக்டர் கம்பியை எடுத்தார். உடனே மடை திறந்தது போல வந்தது: "கதிரை, புள்ள! கதிரை. எனக்குத் தெரியும், வாய்க்கு வந்ததில்ல." வியர்த்திருந்தார். நான் துடைத்துவிட்டேன். டொக்டர் அந்த இடத்தில் ஒரு சிறிய கடதாசித் துண்டை அடையாளமாக வைத்ததாகச் சொன்னார். "இங்கே யாரும் தொடக் கூடாது. இவர் பேச்சு இங்கேதான் இருக்கு." கையளவு தூரம்கூட இல்லாத இடத்தில் ஒருவருடைய கதை முழுவதும் இருக்கிறது என்று நினைக்க, எனக்கு உடம்பு கூசியது.

கொஞ்சம் தள்ளிக் கரண்டு கொடுத்தபோது, மெஷினடியில் இருந்த பெண் குரல் கொடுத்தா. "சார், ஸ்பைக் வருது, முள்ளு முள்ளா. நிறைய வருது."

அதே நேரம் இவர் மூக்கைச் சுருக்கினார். "புள்ள... ஓலை முறிஞ்ச மணம்."

நான் துணிப்பக்கம் நிமிர்ந்தேன். "சேர், அந்த மணம் வருதாம். வலிப்பு வரக்குள்ள எப்பவும் வாற மணம்."

டொக்டர் கையை எடுத்துவிட்டு, எல்லாரையும் பொறுக்கச் சொன்னார். பேனைகள் கொஞ்ச நேரம் தாறுமாறாகக் குத்திவிட்டு, ஒவ்வொன்றாக அடங்கின. வலிப்பு வரவில்லை. "இதுதான். இவ்வளவு வருஷம் உங்களைப் படுத்தினது இந்த இடம்," என்றார் டொக்டர். அடுத்து யானைப் படத்தைப் பிடித்தேன்.

"பெரியவர்," என்றார் இவர்.

அறை அப்படியே நின்றுவிட்டது. முதல்நாள் அதே படத்தை ஆனை என்று சொல்லி, அதை அவர்கள் எழுதியும் வைத்திருந்தார்கள்.

"தப்பு வருதா?" என்றது டொக்டரின் குரல்.

"இல்ல சேர், சரிதான். வயல்ல நிக்கக்குள்ள அதுட பேரச் சொல்ல மாட்டாங்க. சொன்னா வந்திருமாம். பெரியவர் எண்டுதான் சொல்லுவாங்க."

"ஆனா நேத்து யானைன்னாரே?"

நான் குனிந்து கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்: "நேத்து ஆஸ்பத்திரில இருந்தாராம். இப்ப அந்த மணம் வந்ததில இருந்து வயல் வரம்புல நிக்கிற மாதிரி இருக்காம்."

யாரும் சிரிக்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கமிருந்து டொக்டர், "நல்லதும்மா. ரொம்ப உதவி" என்றார். எங்கள் ஊரில் எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். அந்த நேரம் முழுவதும் அவரைக் கதைக்கவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மகள் வீட்டில் என்ன குழப்படி செய்கிறாளோ என்று கதைத்தோம். அந்தப் போகம் எந்த நெல் விதைப்பது என்று கதைத்தோம்.

"புள்ள, என்ன செய்றாங்க?"

"வேலை செய்றாங்க. துணி மறைச்சிருக்கு, எனக்குத் தெரியல்ல."

"நல்லது. கண்டா நீ மறுகா எனக்கு ஆட்டு மூளை ஆக்கித் தரமாட்டாய்."

"இவரைச் சிரிக்கவைக்காதீங்கம்மா, என் கை ஆடுது," என்றார் டொக்டர். அவருடைய குரலிலும் சிரிப்பு இருந்தது.

முடிந்து அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோன பிறகு, இளம் டொக்டர் என்னையும் காக்காவையும் ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் மாதுளை முத்தளவு ஒரு வெளிறிய துண்டு. ஊசியிலிருந்து வந்த வயரை ஒரு ஸ்பீக்கரில் மாட்டியிருந்தார். சட்டியில் நெல் பொரிவது போல அதிலிருந்து சத்தம் வந்தது. கொஞ்சம் அடங்கும், திரும்பவும் படபடவென்று பொரியும்.

"வெளியே எடுத்த பிறகும் அடங்கமாட்டேங்குது, பாருங்க," என்றார் அவர், சத்தத்தைக் குறைத்தபடி. "எப்படி ஆரம்பிக்குதுன்னு இதுகிட்டேயே கேட்டுப் படிக்கலாம்."

என் வீட்டைக் குலைத்துப்போட்ட சத்தம் அது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றியது. காக்கா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு நின்றார். சொன்ன சொல் தவறாமல் இளம் டொக்டர் மறுநாள் அதைத் தந்தார். காக்கா வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், பக்கத்துப் பள்ளிவாசல் மையவாடியில் அனுமதி கேட்டு அடக்கிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்குக் கடினம். அவருக்குப் பேச்சுக் குழம்பிப்போயிருந்தது. தண்ணீரைக் காட்டி வரம்பு என்பார். என்னைக் கூப்பிட நினைத்துச் சொல் கிடைக்காமல் கட்டிலில் தட்டுவார். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மெஷினடியில் இருந்த அந்தக் கண்ணாடிக்காரப் பெண் அந்தப் பக்கம் வந்தவ, என் தோளில் கைவைத்தா. "வீக்கம்தாம்மா. தொடக்கூடாத இடத்தை அவர் தொடலை. நான் பார்த்துக்கிட்டேதானே இருந்தேன். வத்தினதும் வந்துடும்."

ஒருநாள் விடிய நான் குளித்துவிட்டு வர, நர்ஸ் பிள்ளை அவசரமாக ஓடிவந்தா. "அக்கா, அவர் ஏதோ கேக்கறார், புரியலை. மறுபடி குழப்பமோ என்னமோ."

நான் பதறிப்போய் உள்ளே ஓடினேன். அவர் தலையணையில் சாய்ந்து, கோபமாக இருந்தார்.

"என்ன மச்சான்?"

"எத்தனதரம் கேக்கிற? ஒரு பிளேன்டீ தாங்க எண்டா, எல்லாரும் முழிக்கிறாங்க."

"என்ன கேக்கறார்?" என்றா நர்ஸ்.

"பால் போடாத தேத்தண்ணி," என்றேன். "சரியாத்தான் கேக்கிறார். சரியாத்தான் கேக்கிறார்." அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேனாம். நர்ஸ் பிள்ளைதான் பிறகு சொல்லிச் சிரித்தா.

ஊருக்கு வந்த பிறகும் பல வருஷம் குளிசை போட்டார். சில பெயர்கள் மட்டும் தாமதித்துத்தான் வரும். விரலைச் சொடுக்குவார், நான் எடுத்துக் கொடுப்பேன். வலிப்பு வரவில்லை. முதல் போகம் பக்கத்து வயல்காரர்கள் ஏதாவது சாட்டு வைத்து அவரைச் சுற்றியே வேலை செய்தார்கள். அடுத்த போகம் அவர் தனியே தண்ணீர் கட்டப் போனார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார். அந்த டொக்டர்மாரையும் மெஷினடியில் இருந்த இரண்டு பெண்களையும் நான் பிறகு கண்டதில்லை. அவர்கள் வேறு வேறு வேதக்காரர்கள். என் துஆவில் அவர்கள் எல்லாருக்கும் இடமிருக்கிறது.

இவருடைய கதை கேள்விப்பட்டு ஒருநாள் சவளக்கடையிலிருந்து ஒரு தமிழ் மனிசி தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவரும் வேளாண்மைக்காரர், அவருக்கும் வலிப்பு. கொழும்பில் தலைக்குக் கரண்டு வைப்பார்கள் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்திவிட்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

"கரண்டு வெக்கிறல்ல," என்றார் என் கணவர். "உங்கட தலைக்குள்ள இருக்கிற கரண்டத்தான் அவங்க எடுத்துக் கீறிப் பாக்கிற. என்னப் போல வெட்டவும் தேவல்லாமப் போகலாம், குளிசையோட நிண்டிரும்."

"தெரியாத ஊர் தம்பி," என்றார் அந்த மனிசன். "போற வழியில வந்திச்செண்டா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். வெட்டுக்காலம், வயலில் தலைக்கு மேல் வேலை. நான் தலையை ஆட்டினேன்.

"நான் கூட வாறன்," என்றார் அவர்.

அடுத்த கிழமை விடியற்காலை பஸ்ஸில் இருவரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். நானும் அந்த மனிசியும் சாப்பாட்டுப் பொதிகளோடு வழியனுப்பப் போயிருந்தோம். என் கணவர் ஜன்னல் பக்கத்து இடத்தை அந்த மனிசனுக்குக் கொடுத்துவிட்டு, விழுந்தால் பிடிப்பதற்குத் தோதாக, தான் வெளிப்பக்கமாக இருந்துகொண்டார்.